மானிய நிலமும் சட்டசபை நாற்காலியும்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வழியாகப் பட்டுக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது திருவரங்குளம். அரங்குளநாதர் கோயிலால் பெயர்பெற்ற ஊர். சோழர் காலத்திலும் பாண்டியர் காலத்திலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அந்தக் கோயிலில் உண்டு. புதுக்கோட்டைப் பகுதிக் கோயில் கல்வெட்டுகளைப் பொறுமையாகப் படிக்கிறவர்களுக்கு ஒன்று புலப்படும். அவற்றில் பக்தியைவிட நிலமே அதிகம் பேசப்படுகிறது. விளக்கெரிக்க நிலம், மாலை கட்ட நிலம், மேளம் வாசிக்க நிலம், ஆடிப்பாட நிலம். வேலை செய்கிறவரைக்கும் விளைச்சல் உண்டு, வேலை நின்றால் நிலமும் போகும். மானியம் என்று நாம் சொல்லும் ஏற்பாட்டின் உயிர்முடிச்சு இந்த நிபந்தனைதான்.

இந்த முடிச்சைச் சட்டசபையில் ஒரு பெண் அவிழ்த்த கதையைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். அவரும் இந்த மண்ணைச் சேர்ந்தவர்தான். திருவரங்குளத்துக்கு மேற்கே, புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் குடும்பத்தில் 1886 ஜூலை 30-இல் பிறந்த முத்துலட்சுமி, 1927 ஜனவரியில் சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவரானார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண் அவர்.

அவரைப் பற்றிய மேடைப் பேச்சுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன. சபையில் எதிர்த்துப் பேசிய ஒருவருக்கு அவர் கொடுத்ததாகச் சொல்லப்படும் சூடான பதில் வரும், கைதட்டல் விழும், கூட்டம் கலையும். அந்தப் பதிலடி சொல்லப்படும் விதம் மேடைக்கு மேடை மாறுகிறது. என்னைப் பொறுத்தவரை அவருடைய பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. 1929-இல் நிறைவேறிய ஒரு சிறிய திருத்தச் சட்டத்தில் அதைக் காணலாம். அதைப் பேசுவதற்கு முன் அவர் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்த வழியைப் பார்த்துவிட வேண்டும்.

தந்தை நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், கோயில் ஆடல்பாடல் பணியோடு இணைந்திருந்த இசை வேளாளர் மரபில் வந்தவர். அந்தக் காலத்தில் இப்படி ஒரு இணைப்பு எளிதில் ஏற்கப்பட்டதில்லை. ஐயரின் உறவினர்கள் அவரை விலக்கி வைத்தார்கள். பிள்ளைகள் தாய்வழி உறவுகளோடு நெருங்கி வளர்ந்தார்கள். கோயில் பணியோடு பிணைக்கப்பட்ட பெண்களின் வாழ்க்கை முத்துலட்சுமிக்குப் புத்தகத்தில் படித்த செய்தி அன்று, வீட்டுக்குள்ளேயே கண்டு வளர்ந்த நிலவரம். பிற்காலத்தில் அவர் காட்டிய வேகத்துக்கும், ஒருவேளை அவர் சில குரல்களைக் கேட்க மறுத்ததற்கும் இதில் விளக்கம் இருப்பதாக நினைக்கிறேன்.

பருவம் வந்ததும் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது வழக்கம். முத்துலட்சுமியும் நிறுத்தப்பட்டார். தந்தையின் உதவியோடு வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. ஆண்கள் மட்டும் படித்த கல்லூரி அது. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுவிடுவார்கள் என்ற கவலை, அவருடைய பிறப்பைச் சுட்டிய முணுமுணுப்பு, இரண்டும் சேர்ந்துகொண்டன. அப்போது புதுக்கோட்டையை ஆண்ட மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். ஒரு சமஸ்தானத்தின் மன்னர் தன் விருப்பத்தால் திறந்துவிட்ட கதவு அது. பின்னாளில் ஒரு மாகாண அரசாங்கம் நியமனத்தால் இன்னொரு கதவைத் திறந்தது. தன் வாழ்வின் இரண்டு பெரிய வாசல்களையும் அவர் யாரோ ஒருவரின் அனுமதியால் கடந்தார் என்பதை மறக்காமல் வைத்துக்கொண்டால், அதற்குப் பிறகு அவர் எடுத்த நிலைப்பாடுகள் தெளிவாகப் புரியும்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் ஆன முதல் பெண் அவர். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சடங்கில்லாமல், 1872-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி நடந்த திருமணம் அது. தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டு, ஒப்புதல் பெற்ற பிறகே சம்மதித்தார்.

1917-இல் அடையாறில் இந்தியப் பெண்கள் சங்கம் தொடங்கியது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோர் முன்னின்று தொடங்கிய அந்தச் சங்கத்தில் முத்துலட்சுமியும் ஆரம்பத்திலிருந்தே இருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியச் செயலர் மாண்டேகு சென்னை வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு அவரைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கேள்விக்கு நேரடியாக விடை சொல்லாமல் மாகாணச் சட்டசபைகளின் தலையில் கட்டியது. சென்னை மாகாணம் 1921-இலேயே பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முந்திக்கொண்டது சென்னைதான். ஆனால் சொத்தும் வரியும்தான் வாக்குக்குத் தகுதி என்பதால், தன் பெயரில் சொத்தில்லாத கோடிக்கணக்கான பெண்கள் வெளியிலேயே நின்றார்கள்.

1926-இல் பெண்கள் தேர்தலில் நிற்கலாம் என்ற நிலை வந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய தென் கன்னடப் பகுதியில் நின்று, மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். நின்ற பெண்கள் யாரும் வெல்லவில்லை. அந்தச் சமயத்தில் முத்துலட்சுமி மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்று, பாரிஸில் நடந்த அனைத்துலகப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டிலும் கலந்துகொண்டு திரும்பியிருந்தார். ஒரு பெண்ணையாவது நியமியுங்கள் என்று பெண்கள் சங்கம் அரசாங்கத்திடம் கேட்டு, அவர் பெயரையே பரிந்துரைத்தது. மருத்துவத் தொழில் கெட்டுப்போகுமே என்று அவர் தயங்கினார். சுற்றியிருந்தவர்கள் வற்புறுத்தினார்கள். நியமன உறுப்பினராக உள்ளே போனவரைச் சபை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

நியமன உறுப்பினர் என்பதை இன்று யாராவது சொன்னால் சற்று இளக்காரமாகத்தான் ஒலிக்கும். மக்களிடம் வாக்குக் கேட்காமல் வந்தவர்தானே என்று தோன்றும். ஆனால் அவருடைய சபைப் பணியைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கட்சிக் கொறடா கிடையாது, தொகுதிப் பெரிய மனிதர்கள் கிடையாது. அந்தச் சுதந்திரத்தை அவர் வீணாக்கவில்லை. ஏழைப் பெண் குழந்தைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கேட்டார். பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை கேட்டார். பெண்ணின் திருமண வயது 16-ஆகவும் ஆணின் வயது 21-ஆகவும் உயர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1929-இல் வந்த சாரதா சட்டம் முறையே 14, 18 என்றுதான் வைத்தது. இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் இடம்பெற்றார்.

இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாக நின்றது, சிறுமிகளைத் தேவதாசிகளாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிரான போராட்டம். 1927 நவம்பரில் அவர் கொண்டுவந்த தீர்மானம், சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டது. சபை ஏற்றுக்கொண்டது. தீர்மானம் சட்டமாகிவிடாது. அரசாங்கம் மதச் சடங்கில் கைவைக்கத் தயங்கியது. ஏற்கெனவே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 372, 373 ஆகிய பிரிவுகள் இருந்தன. சிறுமிகளை விபசாரத்துக்கு விற்பதையும் வாங்குவதையும் அவை குற்றமாக்கின. ஆனால் தாயே மகளுக்குப் பொட்டுக்கட்டும்போது, உறவினர் சூழ, கோயில் அதிகாரிகள் பார்க்க நடக்கும் சடங்கை எந்தப் போலீஸ்காரர் நோக்கத்தை நிரூபித்துக் குற்றமாக்குவார்?

இங்கேதான் அவர் மருத்துவராக யோசித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. நோய் தெரியும் இடம் ஒன்று, அது வேர்கொண்ட இடம் இன்னொன்று. சடங்கு வெளியே தெரிந்தது, வேர் நிலத்தில் இருந்தது. ஒரு குடும்பம் மகளுக்கு ஏன் பொட்டுக்கட்டுகிறது? அடுத்த தலைமுறையில் கோயில் பணிக்கு ஆள் இல்லையென்றால் மானிய நிலம் கைவிட்டுப் போய்விடும் என்பதால். பாட்டியின் நிலத்தைக் காப்பாற்ற பேத்தியின் கழுத்தில் பொட்டு ஏறியது. அந்த நிலத்தைப் பணியிலிருந்து பிரித்துவிட்டால், சடங்கைத் தாங்கி நிற்கும் பொருளாதாரக் கால் ஒடிந்துவிடும்.

இந்து அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம் 1929-இல் நிறைவேறியது. அந்த ஆண்டின் ஐந்தாம் சட்டம். கோயில் பணி செய்யும் பெண்களின் நில மானியத்தோடு ஒட்டியிருந்த பணி நிபந்தனையை அது அறுத்தது. இனிக் கோயிலில் பணி செய்யாவிட்டாலும் அந்த நிலத்தின் பயன் பறிபோகாது. இதைச் சீர்திருத்தச் சட்டம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். நிலச் சட்டமாகப் பார்த்தால் அதன் துணிச்சல் விளங்கும். சாதாரண இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கணவனின் சொத்தில் முழு உரிமை எதுவும் இல்லாத காலம் அது. விதவைக்குக் கிடைத்ததும் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமைதான். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகே நிலைமை மாறியது. அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்னால், பெண்கள் கையில் இருக்கும் நிலம் நிபந்தனையின்றி அவர்களிடமே இருக்கட்டும் என்று ஒரு பெண் உறுப்பினர் சட்டம் கொண்டுவந்து, ஆண்கள் நிறைந்த சபை அதை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் பெண்களின் நில உரிமை வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தச் சட்டத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து.

அந்தச் சட்டம் திருவரங்குளத்தில் செல்லுபடியாகவில்லை. சென்னை மாகாணச் சட்டசபையின் அதிகாரம் தொண்டைமான் சமஸ்தானத்தின் எல்லையோடு நின்றுவிட்டது. புதுக்கோட்டை தனி அரசு. அதன் கோயில்கள், மானியங்கள், தீர்வைகள் எல்லாம் தர்பாரின் நிர்வாகத்தில் இருந்தன. தன் தாய் பிறந்த மரபையும் தான் வளர்ந்த ஊரையும் மனத்தில் வைத்து ஒருவர் சட்டம் செய்கிறார், அந்த ஊர் மட்டும் சட்டத்தின் எல்லைக்கு வெளியே கிடக்கிறது. 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்க்கப்பட்ட பிறகுதான் அந்த வேலி விழுந்தது. சமஸ்தானங்கள் எல்லாமே பின்தங்கி இருந்தன என்றும் சொல்ல முடியாது. மைசூர் அரசு 1909-லேயே தன் கோயில்களில் இந்தப் பணியை நிறுத்தியிருந்தது.

1930-இன் தொடக்கத்தில் முத்துலட்சுமி நேர்ந்துவிடுவதையே தடைசெய்யும் மசோதாவை அறிமுகப்படுத்தினார். மே மாதம் காந்தி கைதானதும் பதவியை விட்டு விலகினார். தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் மசோதா காலாவதியானது. அது மீண்டும் எழுந்து சட்டமாக 17 ஆண்டுகள் ஆயின. 1947-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. நடுவில் காங்கிரஸ் அமைச்சரவையே 1937 முதல் 1939 வரை ஆட்சியில் இருந்தும் அது நடக்கவில்லை. மனசாட்சிக்காகப் பதவி துறந்ததை நான் மதிக்கிறேன். அந்தத் துறவுக்கு விலை கொடுத்தவர்கள் அந்த இடைக்காலத்தில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிகள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. சபைக்குள் ஒரே ஒரு பெண் இருந்தால் இதுதான் நடக்கும். அவர் எழுந்து போனால் அந்தக் கோரிக்கையும் எழுந்து போய்விடுகிறது.

எதிர்ப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த வரலாறு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். எதிர்த்தவர்கள் எல்லாம் சனாதனிகள் அல்லர். தேவதாசிப் பெண்களே சங்கம் கூட்டி அரசுக்கு மனு அனுப்பினார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் முதன்மையானவர். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் செல்வத்தைக் கொட்டிக் கோயில் எழுப்பியவர். முத்துப்பழனி என்ற பெண் கவிஞரின் தெலுங்குக் காவியத்தைப் பதிப்பித்ததற்காக அரசின் தடையைச் சந்தித்தவர். படிப்பிலும் துணிவிலும் முத்துலட்சுமிக்கு எந்த வகையிலும் குறைந்தவரல்லர். எங்கள் கலையையும் சொத்துரிமையையும் பெண்பிள்ளையைத் தத்தெடுக்கும் உரிமையையும் ஒரே வீச்சில் பறித்துவிட்டு எங்களுக்கு விபசாரி என்று பட்டம் சூட்டாதீர்கள் என்பதுதான் அவர்களுடைய வாதத்தின் சாரம்.

இந்த வாதத்தில் நியாயம் இருந்தது. தாயிடமிருந்து மகளுக்குச் சொத்து போகும் வழக்கம் அந்தக் குடும்பங்களில் இருந்தது. இசையும் நடனமும் அங்கேதான் தழைத்தன. முத்துலட்சுமி அந்த நியாயத்துக்குப் போதிய இடம் கொடுக்கவில்லை. 1932 டிசம்பரில், தேவதாசிகள் ஆடிய சதிராட்டம் பற்றி வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயரோடு பத்திரிகைகளில் அவர் நடத்திய விவாதத்தைப் பார்த்தால், கலையைக் காப்பாற்றலாம் என்ற பேச்சையே அவர் ஐயத்தோடு கேட்டார் என்று தெரிகிறது. சில ஆண்டுகளில் அதே ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரோடு மேல்தட்டுக் குடும்பத்துப் பெண்களின் மேடைக்கு ஏறியது. அதை உயிரோடு வைத்திருந்த குடும்பத்துப் பெண்களில் பெரும்பாலோர் மேடையிலிருந்து இறங்கினார்கள்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. அந்த முறைக்குள்ளிருந்தே வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் அதை ஒழிக்கச் சொல்லிப் பேசினார். 1936-இல் அவர் எழுதிய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவல் உள்ளே நடந்ததை வெளியே கொண்டுவந்தது. புகழும் நகையும் சொத்தும் கிடைத்தவர்கள் ஒரு சிலர். ஏழு வயதில் பொட்டுக்கட்டி, பதின்மூன்று வயதில் ஒரு பணக்காரரின் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண் குழந்தைக்கு நாகரத்தினம்மாள் எழுப்பிய சமாதிக் கோயில் எந்த விடுதலையும் தராது. சிறுமிக்குச் சடங்கு கூடாது என்ற முத்துலட்சுமியின் பிடிவாதம் சரி. வளர்ந்த பெண்களின் பேச்சைக் கேட்டு, கலைக்கும் சொத்துக்கும் மாற்று ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பதும் சரி. 1929-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தைப் பெண்ணிடம் விட்டது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முனைப்பு தண்டிப்பதில் இருந்தது. இரண்டில் எது நல்ல சட்டம் என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை, முன்னதுதான்.

1930-இல் தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த சிறுமிகள் அடைக்கலம் தேடி அவருடைய வீட்டுக்கு வந்தார்கள். விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தன. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அடையாறு அவ்வை இல்லம். தங்கையின் மரணத்தில் வேர்விட்டது இன்னொரு பணி. வயிற்றுப்போக்கு என்று நினைத்து வைத்தியம் பார்த்த நோய் புற்றுநோயாக இருந்தது, 1923-இல் தங்கை இறந்தார். அந்தத் துயரம் 31 ஆண்டுகள் கழித்து, 1954 ஜூனில், 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. 1952-இல் அடிக்கல் நாட்டியவர் நேரு. 1956-இல் பத்மபூஷண் விருது, 1968 ஜூலை 22-இல் மரணம். தமிழ்நாட்டு அரசின் மகப்பேறு உதவித் திட்டம் இன்று அவர் பெயரில் நடக்கிறது. திருவரங்குளம் ஆரம்ப சுகாதார நிலையம் வரையில் கர்ப்பிணிப் பெண்கள் சொல்லும் பெயர் அது.

அடுத்த தலைமுறையில் கிழக்குக் கடலுக்கு அப்பால் தைவான் தீவில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பு வருகிறது. அங்கும் அரசியலுக்கு முதலில் வந்த பெண்களில் சிலர் மருத்துவர்கள். 1918-இல் தைபேயில் பிறந்த ஷியே ஓ டோக்கியோவில் படித்து அறுவை மருத்துவரானார். தைவான் அப்போது ஜப்பானின் குடியேற்ற நாடு. எதிர்ப்பாளர் என்று சந்தேகித்து ஜப்பானிய அரசு அவரைச் சிறையில் அடைத்தது. போர் முடிந்து வெளியே வந்ததும் தைபேயில் பெண்கள் சங்கம் தொடங்கினார். விபசார விடுதிகளை ஒழிக்கவேண்டும் என்று போராடினார். முத்துலட்சுமியின் பணிப்பட்டியலைத் தெரியாமலே அதைப் பின்பற்றியது போல இருக்கிறது.

ஆனால் 1947 பிப்ரவரி 28-இல் தைவானில் அரசுக்கு எதிராக மக்கள் கொதித்தெழுந்தபோது, கூட்டத்தை அமைதிப்படுத்த அவர் வானொலியில் பேசினார். நடந்த வன்முறையைக் குறைத்துச் சொல்கிறார் என்று ஆத்திரமடைந்த மக்கள் அவருடைய மருத்துவமனைக்குள் புகுந்து பொருள்களை எடுத்து எரித்தார்கள். அதற்குப் பிறகு 1948-இல் அவர் நாட்டின் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். இருந்தும் அடுத்த ஆண்டே அமெரிக்கா போய்விட்டார். ஏறத்தாழ 40 ஆண்டுகள் அரசியலுக்கு வெளியே வாழ்ந்து, 1991-இல் தைவான் திரும்பி, 1995-இல் இறந்தார். ஆட்சியின் அனுமதியோடு மேலே வருகிறவர், ஆட்சிக்கும் மக்களுக்கும் சண்டை வரும் நாளில் எந்தப் பக்கம் நிற்பார் என்ற கேள்வியை முத்துலட்சுமி 1930 மே மாதத்தில் சந்தித்தார், ஷியே ஓ 1947-இல் சந்தித்தார். ஒருவர் பதவியை விட்டார், இன்னொருவர் மக்களின் நம்பிக்கையை இழந்தார். தனி மனிதர்களின் குணத்தை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. முத்துலட்சுமிக்குப் பின்னால் பத்தாண்டுகள் பழகிய ஒரு பெண்கள் இயக்கமும், பெரிய விடுதலை இயக்கமும் இருந்தன. ஷியே ஓவின் சங்கம் தொடங்கி ஒரு வருடம் முடிந்திருந்தது, அவ்வளவுதான்.

இன்னொருவர் 1908-இல் தைனானில் பிறந்த ஷூ ஷி-ஷியென். ஜப்பானில் மருத்துவ முனைவர் பட்டம் பெற்றவர். ஆளும் கட்சியோடு முரண்பட்டு வெளியேறி, சுயேச்சையாக நின்று 1968-இல் சியாயி நகரின் மேயரானார். அப்போது அவருக்கு 60 வயது. 1982-இல் மறுபடியும் மேயராகி, பதவியில் இருந்தபோதே அடுத்த ஆண்டு காலமானார். ஊர் மக்கள் அவரைக் கடல் தெய்வமான மாசுவின் பெயரால் அழைத்தார்கள். அவருடைய மகள்களில் இருவர் பின்னர் அதே நகருக்கு மேயர் ஆனார்கள்.

ஏன் மருத்துவர்கள்? காலனியாட்சியில் பெண்ணுக்குச் சமூகம் பெரிதும் தடுக்காமல் அனுமதித்த ஒரு சில பொதுவேலைகளில் அதுவும் ஒன்று. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டக் கூசிய பெண்களுக்குப் பெண் மருத்துவர் தேவைப்பட்டார். அந்தத் தேவை அவரை வீடு வீடாக, சாதி சாதியாக உள்ளே அழைத்துச் சென்றது. வழக்கறிஞரான ஆண் தலைவருக்குத் தெரியாதவை அவருக்குத் தெரிந்திருந்தன. பதின்மூன்று வயதில் பிரசவித்த உடல் எப்படி இருக்கும், பால்வினை நோயோடு வரும் இளம்பெண் எதைச் சொல்ல மறுப்பாள் என்பதெல்லாம் முத்துலட்சுமி சபையில் எழுந்து நின்றபோது அவருக்குப் பின்னால் நின்ற சாட்சிகள்.

இட ஒதுக்கீட்டு விஷயத்தில்தான் இரு நாடுகளின் பாதை பிரிகிறது. போருக்குப் பின் தைவானை ஆண்ட சீனக் குடியரசு 1947-இல் வெளியிட்ட அரசியலமைப்பு, தேர்தல்களில் பெண்களுக்குக் குறிப்பிட்ட இடங்கள் ஒதுக்க வேண்டும் என்று 134-ஆவது பிரிவில் சொன்னது. அது தைவானில் நடைமுறைக்கு வந்தது. பின்னாளில் கட்சிப் பட்டியலில் வெல்லும் இடங்களில் பாதி பெண்களுக்கு என்று ஆனது. இன்று அந்த நாட்டின் சட்டமன்றத்தில் பெண்கள் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறார்கள். 2016-இல் சாய் இங்-வென் அதிபரானார். அரசியல் குடும்பத்துப் பின்னணி இல்லாமல் அந்த இடத்துக்கு வந்தவர்.

இங்கே கதை வேறு. 1930-களில் அரசியல் சீர்திருத்தப் பேச்சு நடந்தபோது, பெண்களுக்கு ஒதுக்கீடு வேண்டாம், வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை போதும் என்று பெண்கள் அமைப்புகள் கூட்டாகச் சொல்லின. முத்துலட்சுமியும் அந்த அணியில் நின்றார். சலுகையாக வரும் நாற்காலி பெண்ணைச் சிறுமைப்படுத்தும், மத வாரியாகப் பிரிக்கும் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. நியமனத்தின் வழியே வந்த ஒருவர் இப்படிச் சொன்னது முரண் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது முரணாகப் படவில்லை. அனுமதியால் திறக்கும் கதவு எவ்வளவு எளிதாக மூடப்படும் என்று அறிந்தவர், உரிமையால் திறக்கும் கதவைக் கேட்டார். அவருடைய கணிப்பு தவறியது, அது வேறு விஷயம். பிரிட்டிஷ் அரசு கேட்காமலே 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒதுக்கீட்டைப் புகுத்தியது. சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 8 பெண்களுக்கு. விடுதலைக்குப் பிறகு எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது, ஒதுக்கீடு போனது. 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களுக்குத் தேர்வான பெண்கள் 12 பேர். எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அந்த எட்டு பன்னிரண்டாகத்தான் ஆகியிருந்தது. அனைவருக்கும் வாக்கு கிடைத்தால் மற்றவை தானே நடக்கும் என்ற நம்பிக்கைக்கு இந்த எண்ணிக்கையே பதில்.

ஊராட்சியில் மட்டும் நிலைமை மாறியது. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தத்தால் மூன்றில் ஒரு பங்கு, 2016-இல் தமிழ்நாட்டுச் சட்டத்தால் பாதி. அந்தப் பாதி ஒதுக்கீட்டோடு ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. திருவரங்குளம் இப்போது ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். இந்த மாவட்டத்துப் பெண்களுக்குப் பொதுவாழ்வு புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் இங்கே எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றார்கள். கல்குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு சாலைக்கு வந்தார்கள். 2017-இல் ஆலங்குடி வட்டாரத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெண்கள். எனவே ஊராட்சித் தலைவர் நாற்காலியில் பெண்ணை உட்காரவைத்துவிட்டு அவருடைய கணவர் அலுவலகத்தை நடத்துகிறார் என்ற குற்றச்சாட்டை இந்த மாவட்டத்தின் எல்லா ஊர்களுக்கும் பொதுவாகச் சொல்வது நேர்மையாகாது. நடக்கிற இடங்களும் உண்டு. அங்கெல்லாம் காரணம் பெரும்பாலும் பழையதுதான்: பெண்ணின் பெயரில் வீடோ நிலமோ வருமானமோ இல்லை. 1929-இல் முத்துலட்சுமி தொட்ட இடம் அதுவே.

2019-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. குறித்த நேரத்தில் அடுத்த தேர்தல் நடக்கவில்லை. புதுக்கோட்டை உட்படப் பல மாவட்டங்களின் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் ஏற்றார்கள். ஐந்தாண்டு காலம் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட்டு, குடிநீர்க் குழாய்க்கும் நூறு நாள் வேலைக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்து பழகிய பெண்கள் அன்றோடு முன்னாள் தலைவர்கள் ஆனார்கள். பாதி இடம் என்பது சட்டத்தில் இருக்கிறது. தேர்தலைத் தள்ளிப்போட்டால் அந்தப் பாதியும் சேர்ந்தே தள்ளிப்போகிறது. உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்துவது பெண் உரிமைக் கோரிக்கையாக இன்னும் எந்தக் கட்சி மேடையிலும் உரக்கப் பேசப்படவில்லை. பேசப்பட வேண்டும்.